இலாஞ்சனங்கள் உலவும் நாடு
(மகாவீர் ஜயந்தி விழா உரையின் எழுத்து வடிவம்)



ஜினாலயத்துள் தீர்த்தங்கரர் திருவுருவத்தின் பீடத்தை நோக்கும் சிறுவர்கள் முதலில் வினவுவது, அங்கே செதுக்கப்பட்டிருப்பது என்ன விலங்கு என்பதையே. காளை எனில் ஆதிநாதர், யானை எனில் அஜிதநாதர், சிங்கம் எனில் வர்த்தமானர் என்று பாட்டிமார் சொல்லிக் கொடுப்பர். புட்பதந்தருக்கு மகரம், சிரேயாம்சருக்குக் காண்டாமிருகம், வாசுபூஜ்யருக்கு எருமை, விமலருக்குப் பன்றி, முனிசுவிரதருக்கு ஆமை என அவ்வரிசை தொடரும். தமிழகத்துச் சிற்றூர்களில் வளரும் பிள்ளைகள் இவற்றுட் பலவற்றைக் கல்லில் மட்டுமே கண்டிருப்பர். அவை யாவும் உயிரோடு எதிர்ப்படும் நிலப்பகுதி ஒன்று தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ளது. குவாஜூலு-நேட்டால் மாநிலத்தில், துகேலா ஆற்றுக்கு வடக்கே விரியும் ஜூலு நாடே அது. அங்குள்ள காண்டாமிருகம் இரு கொம்புடையது, எருமை ஆப்பிரிக்கக் காட்டெருமை, மகரத்தின் இடத்தில் இருப்பது நைல் முதலை. இனம் சிறிது வேறுபடினும் உயிர்க்குலம் அதுவே. காளைக்கும் குறைவில்லை, புள்ளியும் வரியுமாகப் பல நிறம் காட்டும் நுகுனி மாடுகள் ஜூலு மக்களின் செல்வம்.

வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் குடும்பங்கள் பெருகிவரும் இக்காலத்தில், இவ்வூர்களுக்குச் செல்லும் வாய்ப்பும் பெருகியுள்ளது. விலங்கைக் காண்பதில் வினை ஏதும் இல்லையே எனத் தோன்றலாம். ஆயினும் வினை மூவழியில் ஒட்டுவதாக ஆகமம் கூறும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். ஒரு விடுதியில் தங்கிப் பணம் கொடுப்பவர் மூன்றாம் வழியின் வாயிலில் நிற்கிறார். ஆதலின் அந்நாட்டில் உயிர்கள் எவ்வாறு காக்கப்பட்டன, எவ்வாறு கொல்லப்பட்டன, யார் அதற்கு விலை கொடுத்தனர் என்பதை அறிந்து செல்வது நலம்.

டர்பன் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் இருபுறமும் முதலில் கரும்புத் தோட்டங்களே கண்ணுக்குத் தெரியும். அக்கரும்பின் தொடக்கத்தில் தமிழர் உழைப்பு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற டுரூரோ என்னும் கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,000-க்கு மேற்பட்டவர். அவருள் வட ஆர்க்காட்டு மக்கள் மிகுதி. துகேலாவைக் கடந்து வடக்கே கரும்பு பரவியது பின்னர், இருபதாம் நூற்றாண்டில். அக்கரும்பு ஓர் ஏரியின் உயிரை எவ்வாறு வாங்கிற்று என்பது பின்னே வரும்.

மலைமேல் அமைந்த எஷோவே பழைய ஊர். ஊருக்குள்ளேயே டிலின்சா என்னும் காடு இருக்கிறது. மரமுடிகளின் உயரத்தில் கட்டப்பட்ட மரப்பாலத்தில் நடந்து பறவைகளைக் காணலாம். ஒரு முற்பகல் போதும்.

நெடுநேரம் தங்கவேண்டிய இடம் ஹ்லுஹ்லுவே. அப்பெயர் ஊரார் வாயில் ஷ்லுஷ்லுவே என்பதுபோல் ஒலிக்கும். முட்கொடி ஒன்றின் பெயரால் ஆற்றுக்கும் ஊருக்கும் அமைந்தது. அன்னாசி விளையும் சிறிய கடைவீதி ஊர் அது. அருகே ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி வனம் ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது. அதன் தென்பகுதியில் கறுப்பு இம்ஃபோலோசி, வெள்ளை இம்ஃபோலோசி என்னும் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. அக்கூடல் ஒரு காலத்தில் ஷாகா மன்னனின் வேட்டைக்களம். 1895இல் ஆங்கில ஆட்சி அதனைக் காப்புவனமாக அறிவித்தது. தன் ஆட்கள் துப்பாக்கியால் பெரும்பாலும் அழித்து முடித்த பின்னரே அவ்வாட்சிக்குக் காக்கும் எண்ணம் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவ்வனத்தின் வரலாற்றில் சமணர் நின்று எண்ணவேண்டிய பகுதி ஒன்று உண்டு. செட்சி என்னும் ஈ கடித்தால் மாடுகளுக்கு நாகனா என்னும் நோய் வரும்; மாடு மெலிந்து மடியும். நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை டேவிட் புரூஸ் என்னும் மருத்துவர் 1890களின் நடுவில் ஜூலு நாட்டின் உபோம்போ என்னுமிடத்தில் கண்டறிந்தார். காட்டு விலங்குகளின் குருதியிலும் அது இருக்கும். ஆயினும் அவற்றுக்கு நோய் வருவதில்லை. காட்டைச் சுற்றி மாட்டுப்பண்ணை வைத்திருந்த குடியேறிகள், விலங்குகள் இருக்கும்வரை ஈ ஒழியாது என வாதிட்டனர். அதன் விளைவாக 1920களிலிருந்து 1940கள் வரை, காக்கவென்று அறிவிக்கப்பட்ட அதே வனங்களிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் பல்லாயிரக்கணக்கான வரிக்குதிரை, மான், காட்டெருமை, பன்றி ஆகியவை அரசு ஆணையால் சுட்டுக் கொல்லப்பட்டன. காண்டாமிருகம் ஒன்றுக்கே விலக்கு. இடையில் ஹாரிஸ் என்பவர் விலங்கின் நிழலுருவம் போன்ற பொறி ஒன்றைச் செய்து காட்டில் தொங்கவிட்டு ஈக்களைப் பிடித்தார். அது ஓரளவு பயன் தந்தது. முடிவில் 1945க்குப் பின் வானூர்தியிலிருந்து டி.டி.டி. நஞ்சு தெளிக்கப்பட்டு ஈ அழிந்தது. நான்கறிவுயிராகிய ஈயை ஒழிக்க ஐயறிவுயிர்கள் பல்லாயிரம் மாண்டன. அவை மாண்டதனால் ஈ ஒழிந்ததா எனில் அதுவும் இல்லை.

ஏறத்தாழ புரூஸ் ஜூலு நாட்டில் ஆய்ந்த அதே காலத்தில், 1894இல், தென்னாப்பிரிக்காவிலிருந்த இளைஞர் காந்தி, தாம் பெரிதும் மதித்த சமண ஞானி ஸ்ரீமத் ராஜசந்திரருக்குக் கேள்விகள் பல எழுதி அனுப்பினார். அவற்றுள் ஒன்று, பாம்பு கடிக்க வந்தால் கடிபடுவதா அதனைக் கொல்வதா என்பது. உடல் நிலையற்றது என உணர்ந்தவருக்கு அவ்வுடலைக் காக்கும் பொருட்டு மற்றோர் உயிரைக் கொல்லுதல் தகாது, ஆயினும் அவ்வுணர்வு வாராதவர்க்கு அதனை எவ்வாறு அறிவுரையாகச் சொல்வது என்னும் கருத்துப்பட அவர் விடை எழுதினார். உயர்ந்த நெறியைக் குறைக்காமலும், இயலாதவர்மேல் சுமத்தாமலும் சொன்ன விடை அது. நாகனா காலத்து ஆணைகளுக்குப் பின்னால் இருந்ததும் அதே வினாதான். அங்கே விடை துப்பாக்கியாக இருந்தது.

காந்தியடிகளுக்கும் ஜூலு நாட்டுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1906இல் வரிச்சுமை தாளாது எழுந்த ஜூலு மக்களின் கிளர்ச்சியை ஆங்கிலப் படை ஒடுக்கியபோது, அவர் சுமார் இருபது இந்தியர்களைக் கூட்டிக்கொண்டு காயம்பட்டோரைச் சுமக்கும் பணிக்குச் சென்றார். அவர்கள் பெரும்பாலும் மருந்திட்டது சவுக்கடி பட்டுப் புண் அழுகிக் கிடந்த ஜூலு மக்களுக்கே. வெள்ளையர் அப்புண்களைத் தொட விரும்பவில்லை. அந்த நெடிய நடைகளின்போதுதான் பிரமசரிய எண்ணம் தமக்குள் முதிர்ந்தது என்றும், அவ்வெண்ணத்துக்கு ராஜசந்திரரின் தாக்கமே முதன்மை என்றும் தம் வரலாற்றில் அவர் குறித்துள்ளார். தமிழ்ச் சமண இல்லங்களில் அதிகம் பேசப்படாத செய்தி இது.

மீண்டும் வனத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னினத்து வெள்ளைக் காண்டாமிருகங்கள் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன; அவை அனைத்தும் இம்ஃபோலோசிப் பகுதியில் இருந்தன. 1960களில் வனக்காவலர் இயன் பிளேயரும் அவருடன் உழைத்தோரும் அவற்றை மயக்க ஊசியிட்டுப் பிடித்து, பெருவண்டிகளில் ஏற்றிப் பிற காடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பினர். ஒரே இடத்தில் இருந்தால் ஒரே நோயில் முடிந்துபோகும் என்னும் அச்சமே காரணம். பிளேயருக்குக் காட்டைக் கற்பித்தவர் மகுபு ந்டொம்பேலா என்னும் ஜூலு முதியவர். எழுத்தறியாத அவரைப் பிளேயர் தம் ஆசான் என்றே எழுதினார். இன்று அவ்வினம் 15,000-க்கு மேல் உலகில் உள்ளது; அனைத்தும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை.

ஆனால் அக்கதை அங்கே நிற்கவில்லை. 2023இல் தென்னாப்பிரிக்கா முழுவதும் கொம்புக்காகக் கொல்லப்பட்ட காண்டாமிருகங்கள் 499. அவற்றுள் 325 குவாஜூலு-நேட்டாலில். அதிலும் 307 இந்த ஒரே வனத்தில். கொம்பு என்பது நகம் போன்ற பொருளே. அதற்கு மருத்துவக் குணம் ஏதும் இல்லை. 2024இல் அதிகாரிகள் விலங்கை மயக்கிக் கொம்பை அறுத்துவிடும் பணியைத் தொடங்கினர். வலி இல்லை, மீண்டும் வளரும். இன்று அங்குச் செல்வோர் காணும் காண்டாமிருகங்களுள் பல கொம்பற்று நிற்கும். படம் எடுக்க வந்தவர்கள் அதைக் கண்டு குறைப்பட்டுக்கொள்வதுண்டு. உயிரோடு நிற்பதைக் கண்டு மகிழ்வதே முறை. ஓர் உயிரின் உறுப்பைக் குறைத்து அவ்வுயிரைக் காப்பது ஹிம்சையா என அறவோர் ஆராயலாம். கொல்வோன் வாழும் ஊரும் காவலன் வாழும் ஊரும் வேலிக்கு வெளியே ஒன்றாகவே இருக்கின்றன என்பதையும், வேலையின்மை அவ்வூர்களில் மிகுதி என்பதையும் அவ்வாராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வனத்துக்குள் வண்டியின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சாணவண்டுகள் சாலையைக் கடக்கும் இடங்களில் அதுவும் மிகை. யானைச் சாணத்தை உருட்டிச் செல்லும் அவ்வண்டுக்காக வண்டியை நிறுத்துங்கள் என அங்கே பலகைகள் வைத்திருக்கிறார்கள். நுகத்தடி அளவு நிலம் முன்னோக்கி நடக்கும் ஈரியா சமிதியைத் துறவியர் ஒழுக்கமாகவே அறிந்தவர்க்கு, ஓர் அரசு அலுவலகம் வண்டோட்டிகளுக்கு அதனை விதித்திருப்பது வியப்பாக இருக்கும். வண்டியே இல்லாமல் நடந்து செல்லும் வனநடையும் உண்டு. பிளேயரும் ந்டொம்பேலாவும் தொடங்கிய முறை அது. சிலநாள் நடப்பர், இரவில் ஒவ்வொருவராக முறைவைத்து விழித்திருந்து காவல் இருப்பர்.

ஹ்லுஹ்லுவேயிலிருந்து தெற்கே வந்தால் ம்டுபாடுபா என்னும் சந்தை ஊர். வாடகை வண்டிகளும் காய்கறிக் கூடைகளும் நெருக்கும் அவ்வூரைப் பயணியர் பெரும்பாலும் நில்லாமல் கடந்துவிடுகின்றனர். அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி 30 கிலோமீட்டருக்குள் செயின்ட் லூசியா. ஏரி, கழிமுகம், மணல்மேடு, காடு, பவளப்பாறை அனைத்தும் அடங்கிய இசிமங்காலிசோ ஈரநிலப் பூங்காவின் வாயில் அவ்வூர். 1999இல் தென்னாப்பிரிக்காவின் முதல் உலகப் பாரம்பரியக் களமாக அது அறிவிக்கப்பட்டது; பரப்பு 3,32,000 ஹெக்டேர். இசிமங்காலிசோ எனில் வியப்பு. ஷாகாவின் ஏவலன் ஒருவன் வடக்கே சோங்கா நாட்டுக்குச் சென்று கண்ட வியப்புகளைக் குறிக்கும் பழமொழியிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது.

அவ்வேரியின் துன்பம் கரும்பால் வந்தது. இம்ஃபோலோசி ஆறு கடலை அடையுமுன் பரந்த நாணற்சதுப்பில் தங்கி, வண்டலை இறக்கிவிட்டுத் தெளிந்து ஏரியின் முகத்துக்கு வரும். வடிகட்டிய நீரைப் பருகும் வழக்கமுடையோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்நாணலே ஏரியின் வடிதுணி. கரும்புக்காக அச்சதுப்பை வற்றவைத்துக் கால்வாய் வெட்டினர். வண்டல் நேரே கழிமுகத்தில் குவிந்தது. ஏரி தூர்ந்துவிடும் என அஞ்சி 1952இல் ஆற்றையே ஏரியிடமிருந்து பிரித்து வேறு வழியே கடலில் விட்டனர். நன்னீர் இழந்த ஏரி, 2002இல் தொடங்கிய நெடிய வறட்சியில் பெரும்பகுதி வறண்டு உப்பேறியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், பிரித்ததே பிழை என உணர்ந்து, 2012 முதல் ஆற்றை மீண்டும் சேர்க்கத் தொடங்கினர். கொட்டிக் கிடந்த தூர்மணலைப் பெருஞ்செலவில் அகற்றினர். அதனாலும் வழக்குத் தீரவில்லை. நீர் பெருகியபோது கரும்பு வயல்களும் சிறு உழவர் நிலங்களும் மூழ்கின. 2021 ஜனவரியில் கழிமுகம் பொறிகொண்டு திறந்துவிடப்பட்டது. அறிஞர் பலர் அதனை எதிர்த்தனர். அவ்வழக்கில் இருபக்கமும் பசித்தவர் உண்டு.

அங்கே நிகழ்ந்த விலக்கு ஒன்றையும் கூற வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள மணல்மேடுகளில் டைட்டானியம் மிகுதி. அதனைத் தோண்டும் திட்டத்துக்கு எதிராக ஏறத்தாழ 3,00,000 பேர் கையெழுத்திட்டனர். 1996இல் புதிய மக்களாட்சி அரசு தோண்ட வேண்டாம் என முடிவு செய்தது. கிடைக்கக்கூடிய பெருஞ்செல்வத்தை வேண்டாம் என ஓர் ஏழை நாடு வைத்தது பரிமித பரிக்கிரகத்துக்கு அண்மையான செயல்.

எனினும் அம்மணல்மேடுகள் ஆளற்ற நிலமாக என்றும் இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு வாழ்ந்த குடிகளை அரசு வெளியேற்றிவிட்டுப் பைன், யூக்கலிப்டசு மரங்களை நட்டது. இனவொதுக்கல் ஆட்சி வீழ்ந்தபின் பங்காசி ஏரிப்பகுதி மக்கள் நிலம் கோரினர். 1999இல் தீர்வு ஏற்பட்டது. அவர்கள் திரும்பக் குடியேறவில்லை. இழப்பீடும், முன்னோர் அடக்கமான இடத்தைப் பேணும் உரிமையும், பூங்கா வருவாயில் பங்கும் ஏற்றுக்கொண்டனர். நட்ட மரங்கள் வெட்டப்பட்டுப் புல்வெளி மீண்டது. இன்று அப்புல்வெளியில் மேயும் காட்டெருமையைக் காண்போர், அது மேய இடம்விட்டோர் யாரென அறிந்து காண்பது தகும்.

அவ்வீட்டுப் பெண்டிர் ஆண்டுதோறும் மே மாதத்தில் கழிமுகத்துக்கு வந்து இன்செமா என்னும் கோரையை அறுக்கின்றனர். குறித்த சில நாட்கள் மட்டுமே அதற்கு இசைவு. அரிவாளால் மேலே அறுக்கலாம், வேரைப் பறிக்கலாகாது. அக்கோரையால் பின்னிய பாய் மணமகள் சீரில் இடம்பெறும். கோரைப்பாயில் அமர்ந்து வளர்ந்தோர்க்கு அதன் மணம் அயலாக இராது. சாலையோரம் அப்பாய்களும் ஓலைக் கூடைகளும் விற்கும். விலங்குத் தோலும் கொம்பும் விற்கும் கடைகளும் உண்டு. எதில் பணம் கொடுப்பது என்பது வாங்குவோர் கையில்.

தோல் பற்றிப் பேசுகையில் ஷெம்பே நெறியாரைக் குறிப்பிடாமல் இருப்பது நன்றன்று. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த அந்த ஜூலுச் சமயக் கூட்டத்தில் ஆடவர் வழிபாட்டு ஆடலின்போது சிறுத்தைத் தோலைத் தோளில் அணிவர். அதனால் சிறுத்தைகள் அருகின. 2013 முதல், சிறுத்தைப் புள்ளி அச்சிட்ட செயற்கைத் தோளாடை அவர்களுக்கு வழங்கப்படுகிறது, ஆயிரக்கணக்கானோர் ஏற்றுக்கொண்டுள்ளனர். சடங்கும் நின்றது, உயிரும் நின்றது. மாவால் செய்த கோழியைப் பலியிட்டதும் வினையாயிற்று என யசோதரன் வரலாறு கேட்டு வளர்ந்தோர்க்கு இதில் ஐயம் எழலாம். ஆனால் கொல்லும் எண்ணத்தோடு வடித்த மாக்கோழி வேறு. கொல்லாமைக்கென நெய்த ஆடை வேறு.

இன்னும் வடக்கே ம்கூசே வனத்தில் ந்சுமோ என்னும் நீர்நிலை. கரையில் பச்சை மஞ்சளாய்ப் பட்டை ஒளிரும் காய்ச்சல் மரங்கள், நீரில் கூழைக்கடாக்கள். மொசாம்பிக் எல்லையில் ந்டுமோ. பறவை ஆர்வலர்க்கு அது ஒரு வாரம் கொள்ளும். கோசி விரிகுடாவில் கழிமேல் குச்சிவேலி கட்டி மீன்பிடிக்கும் பழைய முறை நிலவுகிறது. அது அறவோர்க்கு உவப்பன்று எனினும், சிறுமீன் தப்பிச்செல்ல அவ்வேலியில் இடைவெளி விடும் வழக்கத்தை அறிந்துகொள்ளலாம். அக்கடற்கரையில் தோணியாமையும் பெருந்தலையாமையும் நவம்பர் தொடங்கி இரவில் ஏறி முட்டையிடும். தை, மாசியில் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும். 1963 முதல் அவ்வாமைகள் எண்ணப்பட்டு வருகின்றன. ஊரார் துணையின்றி அங்கே செல்ல இசைவில்லை.

செல்வோர் கவனிக்கச் சில செய்திகள். அப்பகுதியில் தனியார் வேட்டைப்பண்ணைகள் பல. விலங்கு காட்டும் அதே விடுதி வேறு மாதங்களில் தலை கணக்கிட்டு வேட்டைக்கும் விடக்கூடும். இடம் பதியுமுன் வேட்டை உண்டா என நேராகக் கேட்டுவிட வேண்டும். உணவுப் பட்டியலில் மான் இறைச்சி இருக்கிறதா என்பதையும் கேட்கலாம். மரக்கறி உணவு டர்பனில் எளிது. வடக்கே சிற்றூர்களில் சோளமாவுப் புட்டாகிய உபுது, கீரை, தயிர் போன்ற அமாசி ஆகியவை கிடைக்கும். அமடும்பே என்பது சேம்பு. கிழங்கு விலக்கியோர் அப்பெயரை நினைவில் வைக்க. வடபகுதியில் மலேரியா உண்டு. கொசுவலையும் முழுக்கை ஆடையும் கொண்டு சென்றால் அடிக்க வேண்டியதில்லை.

இரவு உண்ணாமை நோற்போர் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே குளிர்காலம். மாலை 5 மணியை ஒட்டிக் கதிர் மறையும், வனவாயில் 6 மணிக்கு மூடும். விடுதிகளில் இரவுணவு 7 மணிக்கே தொடங்குவதால், முன்னதாகச் சமைத்துத்தரச் சொல்லி வைப்பது நல்லது, கேட்டால் செய்கிறார்கள். செயின்ட் லூசியாவில் மாலைப் படகுகள் 5 மணிக்குள் கரை திரும்பும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அவ்வேரியில் ஏறத்தாழ 800 நீர்யானைகள் வாழ்கின்றன. இருட்டியதும் அவற்றுள் சில நீரைவிட்டு ஏறி, ஊர்த்தெருவில் நடந்து, வீட்டு முற்றங்களில் புல் மேய்கின்றன. எச்சரிக்கைப் பலகைகள் தெருமுனைகளில் உண்டு. ஊரார் அவ்வேளையில் நடந்து வெளியே வருவதில்லை. வண்டியில் வருவோரும் விளக்கைத் தாழ்த்தி, அது கடந்து போகும்வரை நிறுத்திக்கொள்கின்றனர். விடியுமுன் அவை மீண்டும் நீருக்குள் இறங்கிவிடும்.